உங்களுக்குத் தெரியுமா? தோற்க மறந்த ஹெதர்

ஸ்குவாஷ் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு எலுமிச்சை பாட்டில்தான் ஞாபகம் வரும். கோடை விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் கலந்து கொடுப்பார்களே, அந்த ஸ்குவாஷ். மீதிப் பேருக்கு ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல் என்று இரண்டு சென்னைப் பெயர்கள் நினைவுக்கு வரலாம். இந்த வாரம் அவர்கள் இருவருக்கும் பாட்டி வயதில் இருக்கும் ஒருவரைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் ஹெதர் மெக்கே.

● 1962 முதல் 1977 வரை பிரிட்டிஷ் ஓப்பன் பெண்கள் பட்டத்தை ஒரு வருஷம்கூட விடாமல் வென்றவர் ஹெதர். மொத்தம் 16. டென்னிஸுக்கு விம்பிள்டன் எப்படியோ, அந்தக் கால ஸ்குவாஷுக்கு பிரிட்டிஷ் ஓப்பன் அப்படி. 1976க்கு முன் பெண்களுக்கு உலகப் போட்டி என்று ஒன்று கிடையாது என்பதால், இதை வென்றவரே உலகில் முதலாவது ஆள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஹெதர் முதல் கோப்பையைத் தூக்கியபோது நம் ஊரில் காமராஜர் முதலமைச்சர். பதினாறாவதைத் தூக்கிய 1977ல் எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனார்.

● விளையாட வந்த நாளிலிருந்து அவர் தோற்ற ஆட்டங்கள் எத்தனை தெரியுமா? இரண்டு. வருஷத்துக்கு இரண்டு இல்லை ஐயா, மொத்தமே இரண்டு.

முதல் தோல்வி 1960ல், நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் போட்டியின் காலிறுதியில், யுவோன் வெஸ்ட் என்பவரிடம். இரண்டாவது 1962ல், ஸ்காட்லாந்துப் போட்டியின் இறுதியில், இங்கிலாந்தின் ஃபிரான் மார்ஷலிடம். ஃபிரான் சாதாரண ஆள் இல்லை. முந்தைய ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பன் சாம்பியன். அவரிடம் தோற்ற ஹெதர் அதே பயணத்தில் பிரிட்டிஷ் ஓப்பனிலும் ஆடினார். இறுதிப் போட்டியில் எதிரே வந்து நின்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே ஃபிரான்தான். இந்தத் தடவை ஹெதர் நேர் கேம்களில் முடித்துவிட்டார். அதன்பிறகு 1981 வரை அவரை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை.

1963, 1964 இரண்டு வருஷமும் இறுதியில் மறுபடி ஃபிரான் வந்தார், மறுபடி தோற்றார். 1969லும் வந்தார். அந்தப் பெண்மணியின் பொறுமையைப் பற்றித் தனியாக ஒரு பத்தியே எழுதலாம்.

● பிறந்தது 1941 ஜூலை 31, கான்பெராவை ஒட்டியிருக்கும் குவீன்பியன் என்ற சிற்றூரில். அப்பாவுக்கு ரொட்டி சுடும் தொழில், ரக்பி லீக் ஆட்டக்காரரும்கூட. வீட்டில் பதினொரு பிள்ளைகள். ஹெதர் எட்டாவது. திருமணத்துக்கு முன் அவர் பெயர் ஹெதர் பிளண்டெல். பிரையன் மெக்கேயைக் கல்யாணம் செய்துகொண்டது 1965ல். பழைய சாம்பியன் பட்டியலைப் பார்க்கும்போது பிளண்டெல் யார், மெக்கே யார் என்று குழம்பாதீர்கள். இரண்டும் ஒருவரே.

(பந்தயக் கார் ஓட்டி மார்க் வெபரும், ரக்பி நட்சத்திரம் டேவிட் கம்பீசியும் இதே ஊர்க்காரர்கள். அந்த ஊர்த் தண்ணீரில் என்ன இருக்கிறதோ.)

● ஹெதர் ஸ்குவாஷுக்கு வந்தது ஸ்குவாஷ் ஆடுவதற்காக அல்ல! அவருடைய ஆட்டம் ஹாக்கி. ஹாக்கிக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான் 1959ல், பதினெட்டு வயதில் ஸ்குவாஷ் மட்டையை எடுத்தார். அடுத்த வருஷமே ஆஸ்திரேலிய தேசிய சாம்பியன். அந்தப் பட்டத்தையும் 1973 வரை தொடர்ந்து 14 தடவை வைத்துக்கொண்டார்.

ஹாக்கியை விட்டாரா என்றால், அதுவும் இல்லை. 1967லும் 1971லும் ஆஸ்திரேலியப் பெண்கள் ஹாக்கி அணியில் ஆடியிருக்கிறார். ஒரு விளையாட்டில் உலகத்தில் யாரும் தொட முடியாத உயரத்தில் இருக்கும்போதே இன்னொரு விளையாட்டில் நாட்டுக்காக ஆடுவது சாமானியமல்ல.

● ஸ்குவாஷ் கோர்ட்டின் நீளம் 32 அடி, அகலம் 21 அடி. சென்னையில் விளம்பரம் செய்கிற ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட் ஏறக்குறைய இதே அளவுதான் வரும். அதற்குள் இரண்டு பேர் மட்டையோடு ஓடவேண்டும். நடுவில் வலை கிடையாது. இருவரும் ஒரே சுவரைப் பார்த்து அடிக்கிறார்கள். முன்சுவரின் அடியில் 19 அங்குல உயரத்துக்கு ஒரு தகரம் இருக்கும். பந்து அதில் பட்டால் ‘டங்’ என்று சத்தம் வரும், புள்ளி போய்விடும். ஆட்டக்காரர்கள் அதிகம் வெறுக்கும் சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

● இந்த ஆட்டத்தின் பந்தை வாங்கிக் கையில் வைத்து அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று அமுங்கும். 24 கிராம் எடை, 40 மில்லிமீட்டர் விட்டம். குளிர்ந்த பந்தைத் தரையில் போட்டால் எழும்பவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அடித்து அடித்துச் சூடேற்றினால்தான் உள்ளே இருக்கும் காற்று விரிந்து துள்ளும். அதனால் ஆட்டம் தொடங்குமுன் இருவரும் சேர்ந்து பந்தைச் சூடாக்குவது இந்த விளையாட்டில் ஒரு சம்பிரதாயம். 1830ஐ ஒட்டிய காலத்தில் லண்டன் அருகே ஹாரோ பள்ளி மாணவர்கள், ஓட்டை விழுந்து அமுங்கிப்போன பந்தை வைத்து ஆடியதில் பிறந்த விளையாட்டு. அமுக்குவது, நசுக்குவது என்பதுதான் ‘ஸ்குவாஷ்’ என்ற சொல்லின் பொருள். பழத்தை நசுக்கினால் பானம், பந்து நசுங்கினால் ஆட்டம்.

● 1968 பிரிட்டிஷ் ஓப்பன் இறுதிப் போட்டியின் ஸ்கோர்: 9-0, 9-0, 9-0. எதிரே நின்றவர் பெவ் ஜான்சன், அவரும் ஆஸ்திரேலியர்.

இந்த ஸ்கோரைப் பார்த்துவிட்டு, பாவம் அந்தப் பெண் ஒரு பந்தைக்கூடச் சரியாக அடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைக்கக்கூடாது. அந்தக் காலத்துக் கணக்கு வேறு. சர்வீஸ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி. சர்வீஸை வாங்கி ஆடுபவர் அந்தப் பந்தை வென்றால், புள்ளி வராது, சர்வீஸ் போடும் உரிமைதான் கைமாறும். பிறகு அந்த சர்வீஸிலும் வென்றால்தான் பலகையில் ஒன்று ஏறும். எனவே ஒருவர் இருபது முப்பது பந்துகளை வென்றிருந்தாலும், தொடர்ந்து இரண்டு பந்து வெல்லாவிட்டால் கடைசியில் பூஜ்யத்தோடு வீட்டுக்குப் போகலாம். ஹெதர் செய்தது அதுதான். எதிராளிக்குப் பந்தை விட்டுக்கொடுத்திருப்பார், அடுத்த பந்தை விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்.

இப்போது 11 புள்ளி ஆட்டம், யார் சர்வீஸ் போட்டாலும் வென்றவருக்குப் புள்ளி. உலக ஸ்குவாஷ் சம்மேளனம் 2009ல் பழைய கணக்கை மூட்டை கட்டியது. அதனால் ஹெதரின் ஸ்கோர்களை இன்றைய ஸ்கோர்களோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தப்பு. ரூபாய்க்கு எட்டுப் படி அரிசி விற்ற காலத்து விலையை இன்றைக்குச் சொல்வது போல.

● ஸ்குவாஷில் புத்திசாலி ஆட்டம் என்பது பந்தைப் பக்கச் சுவரோடு ஒட்டி, நேராக, கோர்ட்டின் கடைசி மூலை வரை அனுப்புவது. சுவரை உரசிக்கொண்டு வரும் பந்தை மட்டையால் வழித்து எடுப்பது பெரிய பாடு. எதிராளி மூலையில் திணறிக்கொண்டிருக்கும்போது நாம் கோர்ட்டின் நடுவில் கோடுகள் கூடும் இடத்தில் வந்து நின்றுகொள்ளலாம். ஹெதரின் ஆட்டத்தில் வித்தை காட்டுவது குறைவு. பலமான அடி, சுவரோரம் நீளமான பந்து, சந்தர்ப்பம் கிடைத்தால் தரையில் விழுமுன்பே வாலி. ஹாக்கி கொடுத்த கால்கள் இருந்ததால் களைப்பு என்பது எப்போதும் எதிர்ப்பக்கத்துப் பிரச்சினையாகவே இருந்தது.

● இத்தனை வென்றாரே, சம்பாதித்திருப்பாரே என்று கேட்பீர்கள். அங்கேதான் கதை கசக்கிறது. 1974 வரை அவர் ‘அமெச்சூர்’. அதாவது ஆட்டத்தால் காசு பார்க்கக்கூடாதவர். 18 வயதிலிருந்து 32 வயது வரை, ஒரு ஆட்டக்காரரின் உடம்பு உச்சத்தில் இருக்கும் காலம் முழுவதும், கோப்பைகளை மட்டும் வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதற்கு 33ஐ நெருங்கவேண்டியிருந்தது. மற்றவர்கள் ஓய்வுபெறும் வயதில் அவருக்கு வேலையில் சேரும் வயது.

ஆஸ்திரேலிய அமெச்சூர் பட்டங்கள் ஏன் பதினான்கோடு, 1973ல் நின்றன என்று இப்போது புரிந்திருக்கும். யாரும் அவரைத் தோற்கடித்து நிறுத்தவில்லை. தொழில்முறைக்கு மாறியவருக்கு அமெச்சூர் போட்டியில் இடமில்லை.

● தொழில்முறை என்றவுடன் கோடிகளைக் கற்பனை செய்யவேண்டாம். பெண்களுக்கென்று பரிசுப் பணத்தோடு சுற்றுப்போட்டிகள் நடத்தும் அமைப்பு எதுவும் அப்போது இல்லை. பெண் ஆட்டக்காரர்களின் சர்வதேசச் சங்கம் உருவானதே 1983ல்தான். ஹெதர் செய்தது, 1975ல் கணவரோடு கனடாவின் டொரண்டோவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஸ்குவாஷ் கிளப்பில் பயிற்சியாளர் வேலையில் சேர்ந்தது. உலகத்திலேயே தலைசிறந்த ஆட்டக்காரர், அலுவலகம் முடிந்து வரும் கிளப் உறுப்பினர்களுக்கு மட்டையை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தபடியே வருஷா வருஷம் பிரிட்டனுக்கு வந்து பிரிட்டிஷ் ஓப்பனையும் எடுத்துக்கொண்டு போனார். இதற்கு நடுவே ஜாக் பேட்டன் என்ற கனடா எழுத்தாளரோடு சேர்ந்து ஸ்குவாஷ் பற்றி முழுநீளப் புத்தகம் ஒன்றும் எழுதிவிட்டார்.

● உலக சாம்பியன் பட்டங்களின் கணக்கில் மலேசியாவின் நிக்கோல் டேவிட்டுக்கு 8. ஆஸ்திரேலியாவின் சாரா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 5. ஹெதருக்கு 2 தான். ஏன் இவ்வளவு குறைவு?

பெண்களுக்கு உலகப் போட்டி என்ற ஒன்றே முதன்முதலில் 1976ல்தான் நடந்தது, பிரிஸ்பேனில். அப்போது ஹெதருக்கு 35 வயது. இறுதியில் சக நாட்டவர் மேரியன் ஜாக்மனை வென்று முதல் உலக சாம்பியன் ஆனார். அடுத்த உலகப் போட்டி 1979ல். அவர் ஆடியவை இந்த இரண்டுதான், இரண்டையும் வென்றார். வினாடி வினாவில் வெறும் எண்ணிக்கையை வைத்து யார் பெரியவர் என்று கேட்டால், கேள்வி கேட்டவரிடமே ஒரு கேள்வி கேளுங்கள்.

● ஆண்களில் பாகிஸ்தானின் ஜஹாங்கிர் கான் 1981 முதல் 1986 வரை தொடர்ந்து 555 ஆட்டங்களில் தோற்கவில்லை என்று சொல்லப்படுகிறது. 1986ல் பிரான்ஸின் துலூஸ் நகரில் நியூசிலாந்தின் ராஸ் நார்மன் அதை உடைத்தார். விளையாட்டுப் புள்ளிவிவரப் பிரியர்கள் எல்லோருக்கும் 555 மனப்பாடம். அது ஐந்து வருஷக் கணக்கு. ஹெதரின் கணக்கு 19 வருஷம். அவர் விஷயத்தில் மனப்பாடம் செய்ய ஆட்ட எண்ணிக்கை எதுவும் யார் வாயிலும் வருவதில்லை. வருஷத்தைத்தான் சொல்கிறார்கள்.

அதற்கு ஒரு காரணம், பார்த்தவர்கள் குறைவு. கண்ணாடிக் கோர்ட் வருவதற்கு முன்னால் ஸ்குவாஷ் என்பது நான்கு சுவருக்குள் நடக்கும் ரகசியம் மாதிரி. பின்சுவருக்கு மேலே இருக்கும் மாடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கொஞ்சம் பேர் எட்டிப் பார்க்கலாம். அவ்வளவே. தொலைக்காட்சி கேமராவுக்கு அங்கே வேலையில்லை. இன்று கண்ணாடிக் கோர்ட்டைப் பெட்டி பெட்டியாகக் கழற்றிக் கொண்டுபோய் எகிப்தின் பிரமிடுகளுக்கு முன்னால் மாட்டுகிறார்கள். 2023ல் சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ வணிக வளாகத்துக்குள்ளேயே கோர்ட்டை நிறுத்தி உலகக் கோப்பை நடத்தினார்கள். புடவை எடுக்க வந்தவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

● டொரண்டோவில் இருக்கும்போது ஹெதருக்கு இன்னொரு ஆசை வந்தது. ராக்கெட்பால். அமெரிக்காவில் அப்போது அந்த ஆட்டம் தீயாய்ப் பரவிக்கொண்டிருந்தது.

அதுவும் நான்கு சுவர், அதுவும் மட்டை என்பதால் ஸ்குவாஷின் தங்கை என்று நினைத்துவிடாதீர்கள். பந்து பெரிது, ரப்பர் துள்ளல் அதிகம். மட்டை குட்டை. கூரையில் அடித்தாலும் செல்லும். முக்கியமாக, முன்சுவரில் தகரம் கிடையாது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் பந்தைச் சாத்தினால் அது எழும்பாமல் உருண்டுவிடும், ஆட்டம் முடிந்தது. ஸ்குவாஷில் அதே அடி அடித்தால் ‘டங்’. இருபது வருஷமாகத் தகரத்துக்கு மேலேயே அடித்துப் பழகிய கையை, இனி கீழே அடி என்று திருப்புவது எவ்வளவு கஷ்டம்! வீணை வாசிப்பவர் கிடாரைக் கையில் எடுத்த கதை.

முடிவு என்ன? 1980, 1981, 1984 ஆகிய மூன்று ஆண்டுகளில் அமெரிக்கத் தொழில்முறை ராக்கெட்பால் சாம்பியன். மூன்றாவது பட்டத்தின்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். கனடா பட்டங்கள் தனி. 1997ல் ராக்கெட்பால் புகழரங்கில் பெயரைப் பொறித்தார்கள். ஸ்குவாஷ் கொடுக்காத தொழில்முறை வாழ்க்கையின் ஒரு பகுதியை, கடன் வாங்கிய ஆட்டம் கொடுத்தது.

● 1971 பிரிட்டிஷ் ஓப்பன் இறுதியில் ஹெதரிடம் தோற்றவர் ஜென்னி இர்விங். அவருடைய மகள் லிஸ் இர்விங்கும் சர்வதேச ஆட்டக்காரர். லிஸ் பிறகு ஆம்ஸ்டர்டாமில் பயிற்சியாளர் ஆனார். அவரிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பினாங்குப் பெண்தான் நிக்கோல் டேவிட். எட்டு உலகப் பட்டமும், 2006 ஆகஸ்டிலிருந்து தொடர்ச்சியாக 108 மாதம் உலகத் தரவரிசை முதலிடமும் அந்தக் கூட்டணியில் வந்தவை. ஹெதரிடம் தோற்ற அம்மாவின் மகள், ஹெதருக்குப் பிறகு நீண்டகாலம் ஆண்ட ராணியை உருவாக்கினார். இந்தச் சங்கிலி எனக்கு மிகவும் பிடிக்கும். விளையாட்டில் வம்சாவளி ரத்தத்தில் மட்டும் ஓடுவதில்லை போலும்.

நிக்கோலின் அப்பா இந்திய வம்சாவளி, அம்மா சீன வம்சாவளி. பினாங்குக்காரர்களைக் கேட்டால், ‘எங்க ஊர்ப் பிள்ளை’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

● நிக்கோலின் எட்டாவது உலகப் பட்டம், 2014 டிசம்பரில் கெய்ரோவில். எதிரே உள்ளூர் நட்சத்திரம் ரனீம் எல் வெலிலி. ஒரு கட்டத்தில் ரனீம் 10-6. பட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி போதும். அந்த ஒரு புள்ளி வரவே இல்லை. நிக்கோல் அந்த கேமை 14-12 என்று எடுத்தார், பட்டத்தையும் வென்றார். ஸ்குவாஷை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பவர்கள் தொடங்குவதற்கு நல்ல ஆட்டம் இது.

● ஹெதர் கடைசி பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற அதே 1977ல், இந்தியாவில் ஒருவர் முதல் தேசிய பட்டத்தை வென்றார். அல்வர் அரச குடும்பத்தின் புவனேஸ்வரி குமாரி. 1992 வரை விடவில்லை. எத்தனை பட்டம் என்று எண்ணிப் பாருங்கள். 16! அங்கே முடிந்த எண் இங்கே தொடங்கியது மாதிரி.

அந்த 16ஐத் தாண்ட நம் சென்னையிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. ஜோஷ்னா சின்னப்பா, 14 வயதில் முதல் தேசிய பட்டம் வாங்கியவர், 2019ல் பதினேழாவதை வென்று சாதனையை முறியடித்தார். குடகுக் குடும்பம், வளர்ந்தது மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் கோர்ட்டில் அப்பாவோடு. 2018 ஆசிய விளையாட்டு அணிப் போட்டியின் அரையிறுதியில் நிக்கோல் டேவிட்டையே வீழ்த்தியவர். 2025 டிசம்பரில் சென்னையில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அணியில் ஆடிய ஜோஷ்னாவுக்கு வயது 39. ஹெதர் கேட்டால், அதிலென்ன ஆச்சரியம் என்றிருப்பார்.

● தீபிகா பள்ளிக்கல், உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்த முதல் இந்தியப் பெண். கிரிக்கெட் ரசிகர்கள் அவரை தினேஷ் கார்த்திக்கின் மனைவி என்று சொல்வார்கள். இந்தப் பத்தியைப் பொறுத்தவரை தினேஷ் கார்த்திக், தீபிகாவின் கணவர்.

2011ல் தேசிய சாம்பியன் ஆன தீபிகா அடுத்த சில ஆண்டுகள் தேசியப் போட்டிப் பக்கமே போகவில்லை. காயமில்லை. ஆண்களுக்கு ஒரு பரிசுத்தொகை, பெண்களுக்கு அதைவிடக் குறைவாக ஒன்று என்றால் நான் ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 2016ல் தொகை சமமானது. வந்தார், வென்றார், போனார். சர்வதேச அளவில்கூட, பெரிய போட்டிகளில் சமபரிசு என்று முதலில் அறிவித்தது 2013ன் அமெரிக்க ஓப்பன்தான். ஹெதர் தொழில்முறைக்கு மாறி 39 வருஷம் கழித்து.

● ஹெதருக்கு முன்னால் பிரிட்டிஷ் ஓப்பனின் ராணி, இங்கிலாந்தின் ஜேனட் மார்கன். 1950 முதல் 1959 வரை தொடர்ந்து பத்து. ஹெதருக்குப் பின்னால் நியூசிலாந்தின் சூசன் டெவாய், மொத்தம் எட்டு. இருவரையும் கூட்டினாலும் ஹெதரை இரண்டே இரண்டில்தான் தாண்ட முடிகிறது.

● ஹெதருக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கங்கள்: பூஜ்யம். நிக்கோலுக்கும் பூஜ்யம். ஜஹாங்கிருக்கும் அதே. ஸ்குவாஷ் ஒலிம்பிக்கில் இருந்ததே இல்லை என்பதுதான் விஷயம். பல தடவை கதவைத் தட்டித் திரும்பி, கடைசியில் 2028 லாஸ் ஏஞ்சல்ஸுக்கு உள்ளே விட்டிருக்கிறார்கள்.

● மட்டையைக் கீழே வைத்தாரா? 1985ல் ஆஸ்திரேலியா திரும்பி, பிரிஸ்பேனில் ஆஸ்திரேலிய விளையாட்டுக் கழகத்தின் ஸ்குவாஷ் பிரிவில் ஜெஃப் ஹன்ட்டோடு சேர்ந்து பயிற்சியாளர் ஆனார். (ஹன்ட், ஆண்கள் பிரிட்டிஷ் ஓப்பனை எட்டு முறை வென்றவர்.) பயிற்சி கொடுத்துக்கொண்டே 1987லும் 1990லும் 45 வயதுக்கு மேற்பட்டோர் உலகப் பட்டம். 1993லும் 1995லும் 50 வயதுக்கு மேற்பட்டோர் உலகப் பட்டம். அரசு விருதுகள் 1969, 1979, 2018 என்று தவணை முறையில் வந்தன.

● 1978 பிரிட்டிஷ் ஓப்பனுக்கு ஹெதர் வரவில்லை. பதினாறு வருஷத்துக்குப் பிறகு கோப்பையில் வேறொரு பெயர் பொறிக்கப்பட்டது. சூ நியூமன். 1976 இறுதியில் ஹெதரிடம் தோற்றவர். ஆட்டத்துக்குப் புது யுகம் வந்துவிட்டது என்று பேச்சு கிளம்ப அவகாசம் இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இரண்டாவது உலகப் போட்டி. 37 வயது ஹெதர் டொரண்டோவிலிருந்து வந்து இறங்கினார். இறுதியில் இங்கிலாந்தின் சூ காக்ஸ்வெல், சொந்த மண், சொந்தக் கூட்டம். முதல் கேம் காக்ஸ்வெல்லுக்கு. அடுத்த மூன்றும் ஹெதருக்கு. கோப்பையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, டொரண்டோ வேலைக்குத் திரும்பிப் போனார்.